வாசத்துக்கு ஒரு சாவி

அத்தியாயம் ஆறு

கொதிக்கக் கொதிக்க வந்த பிளேன்டீ கிளாசை ஆண்டியப்பன் வெறும் விரலால் பிடித்து ஒரு வாய் குடித்தார். கீழே வைக்காமலேயே பேசத் தொடங்கினார். அதே தட்டில் வந்த தன் கிளாசைத் தொட்டுப் பார்த்த நிலக்ஷி கையை உதறிக்கொண்டு துப்பட்டாவின் நுனியைத் தேடினாள்.

"தலைவரே, அது கையா இடுக்கியா?"

"ஒழச்ச கை தங்கச்சி. சூடு ஏறாது."

"எங்கப்பாவும் ஒழச்சவருதான். அவரு கிளாஸ ஊதி ஊதித்தான் குடிப்பாரு."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோலைமலை சிரிக்கவில்லை. அவர் கண்கள் ஆண்டியப்பனின் வலது கையிலேயே இருந்தன. விரல் நுனிகளில் தோல் வெளுத்து, வெடித்து, காய்ந்த வாழைப்பட்டை மாதிரி இருந்தது.

சோலைமலை ஒரு காலத்தில் ஹட்டனில் போலீஸ்காரர். தோட்டத்து ஆள் ஒருவர்மேல் பொய் முறைப்பாடு எழுதச் சொன்ன நாளில் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு வந்தவர். இப்போது ஹட்டன் பஸாரில் ஒரு சலூனுக்கு மேலே துப்பறியும் நிலையம் வைத்திருக்கிறார். நிலக்ஷி அங்கே டைப் அடிக்க வந்தாள். டைப் அடிக்க எதுவும் இல்லாததால் துப்பறியத் தொடங்கினாள். இரண்டு பேரும் லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில், பிறந்தவர்கள். ஆகவே அந்த நிலையத்துக்கு வருகிற வழக்குகளும் லயத்திலிருந்துதான் வந்தன.

இந்த வழக்கைக் கொண்டுவந்தவர் ஆண்டியப்பன், ஊசிமலைத் தோட்டத்துத் தொழிற்சங்கத் தலைவர்.

"இன்னிக்கு மூணு மணிக்கு தொரை ஆபீஸ்ல விசாரணை," என்றார். "காளியாயி ஆஸ்பத்திரியில தரை தொடைக்கிற புள்ள. போன வாரம் தொடச்சிக்கிட்டு இருக்கையிலேயே மூச்சடைச்சு விழுந்திருச்சு. நுவரெலியா பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போய்த்தான் உசுரு தப்பிச்சது. இப்ப தொரை என்னா சொல்றாரு? அவளே பஸார்ல இருந்து ஆசிட் வாங்கியாந்து ஊத்திப்புட்டாளாம். நோயாளிங்க உசுருக்கு ஆபத்து பண்ணிட்டாளாம். வேலைய விட்டு நிப்பாட்டப் போறாங்க."

"நீங்க என்னா சொல்றீங்க?" என்று கேட்டார் சோலைமலை.

"புதுசா வாங்குறானுங்களே சோப்புத்தண்ணி, அதுதான் காரணம். கொழும்பு கம்பெனி பழைய மருந்த நிப்பாட்டிட்டு ஒண்ணுத்துக்கும் ஒதவாத தண்ணிய வாங்கி ஊத்துறான். அதுல என்னாத்த கலந்தானோ. நீங்க அத நிரூபிச்சுக் குடுங்க. மிச்சத்த நான் பாத்துக்கிறேன்."

"கண்ணு செவந்திருக்கே தலைவரே. இருமலும் இருக்கு."

"பனிங்க. விடிய முன்னுக்கு எல்லா எடமும் சுத்துறேன்ல."

ஆண்டியப்பன் போனபின், சோலைமலை அவர் வைத்துவிட்டுப் போன கிளாசைத் தொட்டார். இன்னும் சுட்டது.

*

வழக்கமாக அவர்களை ஏற்றிப்போகிற அழகனின் திரீவீல் ஆத்தோர லயத்து வாசலில் போய் நின்றபோது, காளியாயி கூரைத் தண்ணீர் விழுகிற நீலப் பீப்பாயிலிருந்து வாளியில் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். வாளியைத் தூக்கவில்லை; ஒவ்வொரு மொள்ளலுக்கும் நின்று மூச்சு வாங்கினாள். நாற்பது வயதிருக்கும். மூச்சு உள்ளே போகும்போது பழைய கதவு திறப்பதுபோல ஒரு சத்தம் கேட்டது.

நிலக்ஷி வாளியை வாங்கிக்கொண்டாள். "நீங்க பஸார்ல ஆசிட் வாங்குனீங்களாமே அக்கா?"

"ஆமா. வீட்டுல அரிசி இல்ல. அதனால ஆசிட் வாங்கியாந்து தொரை ஆஸ்பத்திரிய பளபளன்னு ஆக்கிப்புடலாம்னு பாத்தேன்." காளியாயி படியில் உட்கார்ந்தாள். "இதச் சொன்னவன் மூஞ்சிய நான் பாக்கணும். அதுக்குத்தான் மூணு மணிக்குப் போறேன்."

"அந்தப் புதுச் சோப்புத்தண்ணி எப்படி?" என்று சோலைமலை கேட்டார்.

"அது சாதுங்க. கேன்ல அடியில மிஞ்சுனத எடுத்தாந்து எம் மக பள்ளிக்கூடச் சட்டைய தொவைப்பேன். ஒரு கொப்புளம் கெடையாது. பழைய மருந்துக்கு கையெல்லாம் தோலு உரியும், கண்ணு எரியும். டாக்குத்தர் ஐயா அத நிப்பாட்டுனப்ப நான் சாமிக்கு தேங்கா ஒடச்சேன். அப்பறம் ஐயா லீவுல யாழ்ப்பாணம் போனாரு. அவரு போயி கொஞ்ச நாள்ல வாளியில திரும்ப அதே வாசம்."

"யாரு கலக்குனது?"

"நான் போகையில வாளி கழுவுற ரூம்புல இருக்கும். அடியில ஏதோ ஊத்தியிருக்கும். புதுசா வந்த மருந்து குடுக்குற ஐயா ஊத்தச் சொல்லியிருப்பாருன்னு நெனச்சேன். கேக்கல. நாங்க எதத்தான் கேட்டிருக்கோம்?"

அன்று மழைக்காகச் சன்னல்கள் எல்லாம் சாத்தியிருந்தன என்றும், ஹாலில் பாதி துடைக்கும்போதே நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது என்றும் சொன்னாள். உள்ளே ஒற்றை அறைக் காம்பரா. கொடியில் ஒரு சின்ன வெள்ளைச் சட்டை. வேலை போனால் இந்தக் காம்பராவும் போகும். அதை அவள் சொல்லவில்லை. லயத்தில் யாரும் யாருக்கும் சொல்லித் தெரியவேண்டிய விஷயம் இல்லை அது.

"அக்கா, இந்தப் பீப்பாயக் கொஞ்சம் எரவல் தருவீங்களா?" என்று சோலைமலை திடீரென்று கேட்டார்.

"மழைத்தண்ணிங்க அது. எதுக்கு?"

"இன்னும் தெரியல. தேவைப்பட்டா அழகன் வந்து எடுப்பான்."

*

ஆஸ்பத்திரிக்குள் போகாமல் சோலைமலை நேரே பின்பக்கச் சாக்கடைக்குப் போனார்.

"ஆஸ்பத்திரிக்கு வந்து சாக்கடைய வைத்தியம் பாக்குற மொத ஆளு நீங்கதாண்ணே," என்றாள் நிலக்ஷி. சொல்லிவிட்டு ஒரு காலைத் தூக்கினாள். கணுக்காலில் ஓர் அட்டை ஏறி, உருண்டு திரண்டு தொங்கியது. "ஐயோ, இது என்னாத்துக்கு எங்கிட்ட வருது, நானே ரத்தசோகக்காரி."

"நல்லது. எங்க ஏறுச்சு?"

"கால்ல."

"எந்த எடத்துலன்னு கேட்டேன்."

அவள் சுவரைப் பார்த்தாள். பிரசவ வார்டுக்குக் கீழே. வார்டு கழுவிய தண்ணீர் ஓடுகிற அந்தக் கானில் பாசி பச்சையாக இருந்தது, புழு நெளிந்தது, அட்டைகள் தலையைத் தூக்கித் தூக்கி ஆள் தேடின.

சோலைமலை கானோடு நடந்தார். ஜனங்கள் மருந்துக்குக் காத்திருக்கிற ஹாலின் கீழே வந்ததும் நின்றார். அங்கே பாசி இல்லை. கல் வெளுத்திருந்தது. ஒரு குச்சியால் எதையோ புரட்டி அவளிடம் காட்டினார். அட்டைதான். ஆனால் பள்ளிக்கூடத்து அழிரப்பர் மாதிரி விறைத்து, சாம்பல் நிறத்தில் கிடந்தது. பக்கத்திலும் அதேபோல நாலைந்து.

"செத்தது ஏன் அழுகல?" என்றார்.

நிலக்ஷி குனிந்தாள். மூக்கில் சுரீரென்று ஏறியது. கண்ணில் நீர் வந்தது. "அண்ணே, எங்க பள்ளிக்கூட லேப்ல ஒரு போத்தல் இருந்துச்சு. உள்ள பாம்பு. எங்கம்மா படிக்கையிலயும் அதே பாம்புதான், நான் படிக்கையிலயும் அதே பாம்புதான். மூடியத் தொறந்தா இந்த நாத்தம்தான் வரும்."

"ஃபோமலின். டாக்டர் ஐயா வாங்க வேணாம்னு நிப்பாட்டுன மருந்து." சோலைமலை குச்சியைத் தூர எறிந்தார். "இப்ப நீ சொல்லு. ஆஸ்பத்திரியில கிருமிக்கு ரொம்பப் பயப்படுற எடம் எது?"

"பிரசவ வார்டு."

"அங்க அட்டை ஒங்கால்ல ஏறி விருந்து சாப்பிடுது. மருந்து ஊத்தியிருக்கிறது எங்க?"

"சும்மா பெஞ்சு போட்டு ஜனங்க குந்தியிருக்கிற ஹால்ல."

"அப்ப ஊத்துனவன் கிருமியக் கொல்ல ஊத்தல."

"பின்ன எதுக்கு? தரைக்கு வாசன பூசவா?"

வேடிக்கையாகத்தான் சொன்னாள். சோலைமலை திரும்பி அவளையே பார்த்தார். அந்த நேரத்தில் ஹாலின் பக்கக் கதவு வழியாக ஒரு பெண் மருந்துப் போத்தலோடு வெளியே வந்தாள். தரை துடைக்கிற துணி கம்பியில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். சேலை முந்தானையை எடுத்து, அந்த அழுக்குத் துணியில் நன்றாகத் தேய்த்தாள். முகர்ந்து பார்த்தாள். போதாது என்று இன்னொரு தடவை தேய்த்தாள். பிறகு திருப்தியோடு படி இறங்கினாள்.

நிலக்ஷி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அண்ணே, செண்ட் போட்டுக்கிட்டுப் போகுது."

அடுத்த நொடி அவள் சிரிப்பு நின்றது. மழையில் நனைந்த பெரட்டுக் களம் ஞாபகம் வந்தது. காலையில் ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கிற இடம். அவளுக்கு ஏழு வயது. காய்ச்சலில் நடுங்கிக்கொண்டு அம்மா வரிசையில் நிற்கிறாள். கண்டாக்கு, தோட்டத்து வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர், குனிந்து அம்மாவின் தோளில் மூக்கை வைக்கிறார்.

ஓடிப்போய் அந்தப் பெண்ணை மறித்தாள். தன் பெயர் வேலாயி என்றாள் அந்தப் பெண், கொழுந்து பறிக்கிறவள்.

"கண்டாக்கு மோந்து பாக்குறாரா அக்கா? இன்னுமா?"

வேலாயி முந்தானையை மறைத்தாள். பிறகு, சின்ன வயதில் தான் கற்றுக்கொண்ட ஒன்று இந்த டவுன் புள்ளையின் முகத்திலும் இருப்பதைக் கண்டுகொண்டவள்போல, மறைத்ததை விட்டாள்.

"இன்னுமாவா? நேத்தும் பாத்தாரு. ஆஸ்பத்திரிக்குப் போனோம்னு சொன்னா நம்பமாட்டாரு. டாக்குத்தர் எழுதுன துண்டு காட்டுனா கள்ளத்துண்டும்பாரு. சேலைய மோந்து பாப்பாரு. ஆஸ்பத்திரி வாசம் இருந்தா அரைப்பேரு போடுவாரு, அரநாள் சம்பளம். வாசம் இல்லாட்டி பேரே இல்ல."

"சோப்புத்தண்ணில தொடச்சப்ப?"

"அத ஏன் கேக்குற. நெசமாலுமே காய்ச்சல்ல கெடந்துட்டு வந்தாலும் பச்சத்தண்ணி வாசம். ஆத்துல குளிச்சிட்டு வந்து பொய் சொல்றன்னு அடிச்சு வெரட்டாத கொற. லயமே கொதிச்சுப் போச்சு. நல்லவேள, தலைவரு தொரைகிட்ட போயி சண்ட போட்டாரு. அடுத்த நாளே பழைய வாசம் வந்திருச்சு." வேலாயி இருமினாள். "காட்டமாத்தான் இருக்கு. இருந்தாலும் பேரு விழுதுல்ல."

வேலாயி லயத்துப் பக்கம் நடந்தாள்.

"அண்ணே," என்றாள் நிலக்ஷி. "சூடு ஏறாத கை."

"ஆமா."

"விடிய முன்னுக்கு எல்லா எடமும் சுத்துறாராம். நம்மளக் கூப்புட்டவரே ஊத்துனவரு."

"ஆமா."

"இப்ப நாம யாருக்கு வேல பாக்குறோம்?"

"காளியாயிக்கு," என்றார் சோலைமலை. "ஆனா அவசரப்படாத. தலைவருதான் ஊத்துனாருன்னு போய்ச் சொல்லிப் பாரு. தொரை ஒனக்குத் தேத்தண்ணி குடுத்து அனுப்புவாரு. ஒங்காளு ஒங்காளையே கொல்லப் பாத்தான், எனக்கென்னான்னு கேஸ மூடிருவாரு. அவரு ஊத்துனாரு, சரி. அவருக்கு அது எங்க இருந்து வந்துச்சு? அது வெஷம்னு அவருக்குத் தெரியுமா? யாருக்குத் தெரியும்? அதுதான் கேஸு."

*

கொட்டகலை கொம்யூனிகேஷன் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் இரண்டு பேரும் நெருக்கி நின்றார்கள். யாழ்ப்பாணத்தில் டாக்டர் ஐயாவின் தமக்கை வீட்டுத் தொலைபேசி நெடுநேரம் அடித்தது. போர் நின்று பாதை திறந்ததும் பல வருஷத்துக்குப்பின் வீடு பார்க்கப் போனவர் கனகலிங்கம்.

"ஓம், நான்தான் கதைக்கிறன்." கதையைக் கேட்டதும் அவர் குரல் மாறியது. "அந்த மருந்தை இன்னும் திருப்பி அனுப்பேல்லையே? ஒரு நீலப் பீப்பா மிச்சம் இருந்தது. வாங்கின கடைக்காரரே வந்து எடுக்கவேணும், வேற ஒருத்தரும் தொடக்கூடாதெண்டு சொல்லிப்போட்டு வந்தனான். பின்கொட்டிலுக்குள்ள வைச்சுப் பூட்டித் திறப்பைத் துரையின்ரை கையிலைதான் குடுத்தனான்."

"தொரைக்கு அது ஆபத்துன்னு தெரியுமாங்க?"

"நல்லாத் தெரியும். இந்த மருந்து வாங்காட்டி என்ன கெட்டுப்போகுமெண்டு கேட்டவர். நான் மூடியை ஒருக்காத் திறந்து காட்டினனான். கண்ணாலை தண்ணி வடிய வெளியிலை ஓடினவர். பிறகு அந்தப் பக்கமே வாறேல்லை."

"ஜனங்களுக்குச் சொன்னீங்களா?"

"நோட்டீஸ் ஒட்டினனான்."

"என்ன பாஷையில ஐயா?"



"இங்கிலிஷிலை," என்றார் கனகலிங்கம். பிறகு, "காளியாயிக்கு இப்ப மூச்சு எப்பிடி?" என்று கேட்டார்.

பெட்டியை விட்டு வெளியே வந்ததும் நிலக்ஷி குதித்தாள். "கொட்டில ஒடைச்சு அந்தப் பீப்பாயத் தூக்கியாந்து தொரை மேசையில வச்சிருவோம்ணே."

"அதத் தொட நமக்கென்னா பைத்தியமா? ஐயா சொன்னதக் கேக்கலியா?" சோலைமலை அழகனைக் கைதட்டிக் கூப்பிட்டார். "நமக்கு வேண்டியது பீப்பா. மருந்து இல்ல. ஆத்தோர லயத்துக்கு வண்டிய விடு. போற வழியில சாக்கு ஒண்ணு வாங்கிக்க."

*

துரை ஆபீஸ் வராந்தாவில், சாக்குப் போர்த்திய பீப்பாயோடு நிலக்ஷியும் அழகனும் சன்னலுக்குக் கீழே குந்தியிருந்தார்கள். உள்ளே பேசுவது தெளிவாகக் கேட்டது. வாசலில் கண்டாக்கு சாய்ந்து நின்று பல்லுக் குத்திக்கொண்டிருந்தார். படிகளில் லயத்துப் பெண்கள், கூடையை முதுகைவிட்டு இறக்காமலே, ஒவ்வொருவராக வந்து நின்றார்கள்.

"காளியாயி," துரையின் குரல். கொழும்பில் படித்த மனுசர். தமிழை ஆட்களை வேலை வாங்குகிற அளவுக்குக் கற்றவர். "நீ வெளியே மருந்து கொண்டுவந்தது. ஒத்துக்கிட்டா நான் போலீசுக்குச் சொல்ல மாட்டேன். வேலையை மட்டும் விட்டிரு."

"கொண்டாரலங்க." மூச்சு இழுக்கும் சத்தம். "ஒத்துக்கவும் மாட்டேன்."

"தொரை," என்றார் சோலைமலை. "ஆஸ்பத்திரியில பழைய ஃபோமலின் பீப்பா ஒண்ணு இருந்துச்சுங்களே?"

"அது போன மாசமே திருப்பி அனுப்பியாச்சு. இந்தத் தோட்டத்திலே அப்படி பீப்பா இல்லை."

"சந்தோசங்க. அப்ப நாங்க எடுத்தாந்தது வேற எதுவோ. நிலக்ஷி."

அவர்கள் பீப்பாயை உருட்டிக்கொண்டு உள்ளே போனார்கள். நீல விளிம்பு சாக்குக்குக் கீழே கொஞ்சம் தெரிந்தது. அறை நடுவில் நிறுத்தினார்கள். உள்ளே தண்ணீர் களக்கென்று ஆடியது.

"ஆஸ்பத்திரிப் பக்கம்தாங்க சுத்திக்கிட்டு இருந்தோம்," என்றாள் நிலக்ஷி. "மூடி சரியா இறுகல போல." சாக்குக்குள் கையை விட்டாள்.

துரையின் நாற்காலி சுவரில் மோதியது. எழுந்து, கைக்குட்டையை மூக்கில் வைத்து, சன்னல் வரைக்கும் போய்விட்டார். "தொறக்காதே. வெளியே கொண்டு போ. எல்லாருக்கும் கண்ணு போயிரும். யார் சாவி குடுத்தது உனக்கு?"

அதே நேரத்தில் எதிர்ப்பக்கம் உட்கார்ந்திருந்த ஆண்டியப்பன் எழுந்து பீப்பாய்க்குப் பக்கத்தில் வந்தார். சாக்கின்மேல் கையை வைத்து, மாட்டைத் தட்டிக்கொடுப்பதுபோலத் தட்டினார்.

"என்னாங்க தொரை இப்படிப் பயப்படுறீங்க? நம்ம ஆஸ்பத்திரி மருந்துதானே. நோயக் கொல்லும், ஆளையா கொல்லும்?"

சோலைமலை இருவரையும் பார்த்தார். ஒருவர் சன்னலில். ஒருவர் பீப்பாயில் சாய்ந்தபடி.

"இது போதும்," என்றார். "சாக்க எடு."

நிலக்ஷி சாக்கை உருவி, மூடியைக் கழற்றி வைத்தாள். துரை கண்ணை இறுக மூடிக்கொண்டார். அறையில் ஒரு வாசமும் எழவில்லை. காளியாயிக்கு இருமல் கிளம்பியது. மேசையிலிருந்த துரையின் கண்ணாடி டம்ளரை நிலக்ஷி எடுத்தாள், பீப்பாயில் மொண்டாள், அவளிடம் கொடுத்தாள். காளியாயி மடக்மடக்கென்று குடித்தாள்.

"எங்கூட்டு மழைத்தண்ணிங்க," என்றாள், வாயைத் துடைத்துக்கொண்டு.

படிகளில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர்.

"இல்லாத பீப்பாய்க்கு எதுக்குங்க தொரை பயந்தீங்க?" என்றார் சோலைமலை. "மூடியிருக்கிற பீப்பாயப் பாத்து கண்ணு போகும்னு சொன்ன ஒரே ஆளு நீங்க. அது என்னான்னு தெரிஞ்சவரு வெலகுனீங்க. தெரியாதவரு வந்து தட்டிக் குடுத்தாரு." அவர் ஆண்டியப்பன் பக்கம் திரும்பினார். குரலைத் தணித்தார். "தலைவரே, காளியாயி விழுந்தது சோப்புத்தண்ணியால இல்ல. நீங்க விடிய முன்னுக்கு ஊத்துறீங்களே, அதால. ஒங்க விரலப் பாருங்க. அதுக்கு உணர்ச்சி போய் எத்தனை நாளாச்சு?"

ஆண்டியப்பன் தன் கையைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். பீப்பாயின் விளிம்பை அழுத்திப் பார்த்தார். காளியாயியைப் பார்க்கத்தான் அவருக்கு நேரமெடுத்தது.

"பேரு விழலன்னுதான் போனேன்," என்றார். யாருக்கென்று இல்லாமல் சொன்னார். "கண்டாக்கு மோந்து பாக்குறத நிப்பாட்டச் சொல்லுங்கன்னுதான் தொரைகிட்ட கேட்டேன். ஒங்காளுங்களுக்கு வாசம்தானே வேணும், எடுத்துக்கோ, கொழும்புக்குத் தெரிய வேணாம், ஒனக்கும் எனக்கும் மட்டும்னாரு. ஜெயிச்சிட்டேன்னு நெனச்சேன்." இடுப்பு வாருக்குள் விரலை விட்டு, கறுத்த கயிற்றில் தொங்கிய ஒரு சாவியை எடுத்தார். தோட்டத்து முத்திரை அடித்த பித்தளை வில்லை அதில் ஆடியது. "நீங்க குடுத்ததுதானுங்களே இது?"

துரை கைக்குட்டையை மடித்தார். நிதானமாக வந்து உட்கார்ந்தார். இப்படிப்பட்ட இடங்களில் என்ன செய்யவேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது.

"சரி. ஒரு தவறு நடந்திருச்சு. ஆண்டியப்பன் தெரியாம செஞ்சது. காளியாயி நாளைக்கு வேலைக்கு வரலாம். சம்பளமும் தர்றேன். இதை இத்தோட விட்டிருவோம். சாவியை இங்கே வை."

ஆண்டியப்பன் சாவியோடு நின்றார். நடந்தார். துரையின் மேசைக்கு அல்ல. காளியாயி உட்கார்ந்திருந்த பெஞ்சுக்கு. அவர் வாய் திறக்கும் முன்பே அவள் கையை நீட்டினாள்.

"அழுவுறத அப்பறம் வச்சிக்கங்க தலைவரே. மொதல்ல அதக் குடுங்க."

வாங்கி, மடியில் முடிந்து, முடிச்சை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள்.

"வேலைக்கு வர்றேங்க தொரை. அது என் வேல, நீங்க தர்றதுக்கு ஒண்ணும் இல்ல. ஆனா சாவி எங்கிட்டதான் இருக்கும். அந்த மருந்த வாங்குனது ஒங்க கம்பெனி. வித்த கடைக்காரன் லாரி கொண்டாந்து, கையொற போட்டு, மூஞ்சிய மூடிக்கிட்டு எடுத்துட்டுப் போவட்டும். நாங்க எல்லாரும் நின்னு பாக்குறோம். அன்னிக்குத்தான் கொட்டிலு தொறக்கும்."

"காளியாயி, நீ யார்கிட்ட பேசுறேன்னு தெரியுதா?"

"தெரியுதுங்க. மூடுன பீப்பாயக் கண்டு சன்னலுக்கு ஓடுனவர்கிட்ட." அவள் நிறுத்தி மூச்சை இழுத்தாள், பழைய கதவு மெல்லத் திறந்தது. "நான் அத குனிஞ்சு மூணு வாரம் தொடச்சேன். எனக்கு ஓட சன்னலு இருந்துச்சா? இனிமே ஆஸ்பத்திரிக்கு என்னா வாங்குனாலும் அது என்னா பண்ணும்னு தமிழ்ல எழுதி ஒட்டணும். படிக்கத் தெரியாதவளுக்கு வாயால சொல்லணும். தொடைக்கிறவளக் கேட்டுட்டு வாங்குங்க. கை எங்களுது."

துரை சோலைமலையைப் பார்த்தார், இதை நிறுத்தக்கூடியவர் அவர்தான் என்பதுபோல.

"டாக்டர் ஐயா நாளைக்கே யாழ்ப்பாணத்துல இருந்து பஸ் ஏறுறாருங்க," என்றார் சோலைமலை. "கொழும்பு ஆபீசுக்கு அவரு டெலிபோன் பண்ணி முடிச்சிருப்பாரு இந்நேரம். லாரிய இன்னிக்கே கூப்புட்டா ஒங்களுக்கு நல்லது."

நிலக்ஷி அவர் காதருகே குனிந்தாள். "பண்ணுவாருன்னு சொல்லலியேண்ணே."

"பண்ணுவாரு. இங்கிலிஷ்ல ஒட்டுன மனுசன். தூங்க மாட்டாரு."

துரை தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தார்.

காளியாயி எழுந்தாள். நிலக்ஷியின் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள். பல்லுக்குத்தியை வாயிலிருந்து எடுக்க மறந்து நின்ற கண்டாக்கு வழிவிட்டார். அவள் கடந்து போகவில்லை. முந்தானையை எடுத்து, அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். பின்னால் படியில் நின்ற வேலாயியும் தன் முந்தானையை நீட்டினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. கூடைகளின் வரிசை நெடுகிலும் கைகள் எழுந்தன.

கண்டாக்கு பின்னால் சாய்ந்தார். பின்னால் சுவர்.

"மோந்து பாருங்க," என்றாள் காளியாயி. "இன்னிக்கு ஒண்ணும் வராது. நாளைக்கும் வராது. இனிமே துண்டப் படிங்க."